கேளாத காதும் வினைக் கணக்கும்

நெய்வேலி நகரியத்து நடராசர் கோயிலுக்கு முதன்முறை வருகிறவர்கள் இரண்டு இடங்களில் நின்றுவிடுவார்கள். ஒன்று, பத்தடி உயரத்தில் ஆடி நிற்கும் ஐம்பொன் நடராசர் முன்னால். இன்னொன்று, மனுநீதி முறைப்பெட்டி முன்னால். மனக்குறையைத் தாளில் எழுதி அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, ஆராய்ச்சி மணியை அடிப்பது இங்குள்ள வழக்கம். கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்ட திருவாரூர்க் கதை, சுரங்க ஊரில் அன்றாட நடைமுறையாகியிருக்கிறது. வேலை, கல்யாணம், கடன், பிள்ளைப்பேறு, நோய் என்று எல்லா வகை மனுவும் அங்கே விழும்.

அவற்றுள் ஒன்று, "காது கேக்கல சாமி, எந்த ஜென்மத்துப் பாவம்?" என்று இருந்தால் ஊரில் யாரும் வியக்கமாட்டார்கள். சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருக்கலாம். பிறந்தது முதல் ஒலியே அறியாத குழந்தையின் தாய் எழுதியிருக்கலாம். இருவருக்கும் உறவினர்கள் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார்கள்: "எல்லாம் முன்வினை."

இந்தப் பதில் சரியா? சரி என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துபோக யாருக்காவது உரிமை உண்டா? நெய்வேலியைச் சுற்றியுள்ள பழைய தென்னாற்காட்டு மண் இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஆழமாக யோசித்திருக்கிறது. அந்த யோசனையைத்தான் வீடுகள் மறந்துவிட்டன.

முதலில் சுரங்கத் தொழிலாளியின் காதைப் பார்ப்போம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிப்பட்ட பொருள்தான் நெய்வேலியின் தொடக்கம். 1956இல் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்கு மேலே கிடந்த கடினமான மணற்பாறைக்குத் துளை போட்டு வெடி வைத்தார்கள். ராட்சதச் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இயந்திரங்கள் மண்ணை வெட்டி அள்ளின. கிலோமீட்டர் கணக்கில் கன்வேயர் ஓடியது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைக்க, பம்புகள் இரவு பகலாக இயங்கின. மின் நிலையத்தில் டர்பைன், பாய்லர், மில். ஊருக்கே வெளிச்சம் கொடுத்த இத்தனையும் ஓசையோடுதான் வேலை செய்தன.

உட்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒலி அலை அவற்றை அசைக்கிறது. அந்த அசைவு மின்குறியாகி மூளைக்குப் போகிறது. பெரும் ஓசையில் ஒருநாள் நின்றால் அவை சோர்ந்து மறுநாள் தேறிவிடலாம்; ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது அடைத்தது போலிருந்து காலையில் சரியாவது அதனால்தான். ஆண்டுக்கணக்கில் அடி வாங்கினால் செத்துப்போகும். கோழிக்கும் காடைக்கும் இந்தச் செல்கள் மீண்டும் முளைக்கும் என்று 1980களின் பிற்பகுதியில் கண்டறிந்தார்கள். மனிதனுக்கு முளைப்பதில்லை.

ஓசையால் வரும் கேள் இழப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்குகிறது: 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளில். பேச்சில் உயிரோசை தாழ்ந்த, கனத்த ஒலி; மெய்யோசையின் கூர்மை உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. அதனால் பேச்சு காதில் விழும், ஆனால் விளங்காது. கடை, தடை, படை, சடை எல்லாம் ஒன்று போலவே வந்து சேரும். "கடைக்குப் போயிட்டு வாங்க" என்று சமையலறையிலிருந்து மனைவி சொன்னதற்கு, "எதைத் தடுக்கச் சொல்ற?" என்று அவர் கேட்பார். மனைவி குரலை உயர்த்துவார். "ஏன் கத்துற? எனக்குக் காது கேக்குது" என்று இவர் சீறுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மயிர்ச் செல்கள் குறைந்த காதில் மெல்லிய ஒலி விழாது; உரத்த ஒலியோ சட்டென்று வலியாக மாறிவிடும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் இடையே உள்ள வெளி சுருங்கிவிட்ட காது அது. இது தெரியாத வீட்டில், "வேணும்னே கேக்காத மாதிரி இருக்காரு" என்ற பேச்சு ஐந்தாறு வருடம் ஓடும்.

இதில் முன்வினை எங்கே வருகிறது? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே ஓசை 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும். இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு எல்லை 90 டெசிபல். ஓசையால் வரும் கேள் இழப்பை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்வழி நோய்களின் அட்டவணையில் அது இருந்தது. இது விதிப்பயன் அல்ல, இதற்குக் காரணமும் உண்டு, பொறுப்பாளரும் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகும், பாதிக்கப்பட்டவர் மட்டும் தம் முற்பிறவியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தாயின் மனு இதைவிடக் கனமானது. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டுவது தமிழ்நாட்டில் இன்றும் அழிந்துவிடாத வழக்கம். கேட்கும் திறனோடு தொடர்புள்ள ஜிஜேபி2 போன்ற மரபணுக்களில் பழுது இருந்தாலும், ஒரு பிரதி நல்லதாக இருந்தால் காதுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒரே தாத்தாவிடமிருந்து அந்தப் பழுது பேரனுக்கும் பேத்திக்கும் வந்து, இருவரும் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை. நான்கில் மூன்று குழந்தைகள் தப்பியதற்குப் புண்ணியமும் காரணமில்லை.

ஆனால் பாவம் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் காலம் கரைகிறது. "மாமனும் அஞ்சு வயசுலதான் பேசினான், பொறுங்க" என்பார் பாட்டி. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர், திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து பாடிய வரலாற்றையும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வரலாற்றில் பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு செந்தூர் போனார்கள், விரதம் இருந்தார்கள். கையில் இருந்த வழியை எல்லாம் முயன்றார்கள். மொழியை ஏற்கும் மூளையின் வாசல் முதல் சில ஆண்டுகளில்தான் அகலத் திறந்திருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே, குழந்தை தூங்கும்போது காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஐந்து வயது வரை பொறுத்திருந்த குடும்பத்துக்கு அந்த வாசலும் மூடிக்கொண்டே வருகிறது.

இனி வினைக்கு வருவோம். நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் வடலூர். 1867இல் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்; அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு எதிராக அந்தக் காலத்திலும் ஒரு வாதம் இருந்தது: பசி முன்வினைப்படி கடவுள் விதித்த தண்டனை, அதில் நாம் குறுக்கிடலாமா என்பது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் வள்ளலார் இதை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். தன் ஆணையை மீறிய பெருங்குற்றவாளியைச் சிறையில் தள்ளும் அரசனும், தன் சேவகரைக் கொண்டு அவனுக்கு உணவு கொடுக்கத்தான் செய்கிறான் என்று காட்டுகிறார். தண்டனை என்றே வைத்துக்கொண்டாலும் சோறு கொடுப்பது ஆணைக்கு விரோதம் ஆகாது, அதுவே ஆணை. முன்வினையை மறுக்காமலேயே அதைச் சாக்காக்கும் வழியை அவர் அடைத்துவிட்டார்.

சைவ சித்தாந்தத்தின் வினைக் கோட்பாடும் இதற்கு இடம் கொடுக்கிறது. வினையை அது மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இந்தப் பிறவியில் அனுபவித்துத் தீர்ப்பது பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். பெரியவரின் காது போனதைப் பிராரத்தம் என்று ஒருவர் நம்பலாம். நம்பிக்கையோடு யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அவர் எதிரே நின்று எரிச்சலோடு "ஒண்ணுமில்ல விடுங்க" என்று பேச்சை முறிக்கிறாரே மகன், அது யாருடைய கணக்கு? அது மகனின் ஆகாமியம். கேட்காதவருடைய பழைய கணக்கை நாம் யாரும் பார்த்ததில்லை. எதிரே நிற்பவருடைய புதிய கணக்கோ கண் முன்னால் எழுதப்படுகிறது. வினையை உண்மையாக நம்புகிறவருக்கு அடுத்தவரின் முற்பிறவியைவிடத் தம் இன்றைய செயல்தான் அச்சம் தர வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் சமயங்கள் எல்லாம் செவியை நம்பி நிற்பவை. திருக்குறள் கேள்விக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, செவி வழியே வருவதைச் செல்வங்களில் தலையாயதாக வைக்கிறது. வேதம் ஓதுதல், தேவாரப் பண், பாங்கு, நற்செய்தி வாசகம் எல்லாமே கேட்பதற்கு உரியவை. நடராசரின் வலக்கை உடுக்கையில்தான் படைப்பே தொடங்குகிறது என்று சித்தாந்தம் விளக்கம் சொல்கிறது. கேள்வியால்தான் விசுவாசம் வரும் என்று ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் எழுதினார். அப்படியானால் கேளாதவர் இந்த வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்தானா?

நம் மரபே இல்லை என்கிறது. சிவதீட்சையை ஏழு வகையாகச் சொல்வார்கள்: நயனம், பரிசம், மானசம், வாசகம், சாத்திரம், யோகம், ஔத்திரி. குரு கண்ணால் நோக்கி அருளலாம், கையால் தொட்டு அருளலாம், மனத்தால் நினைந்து அருளலாம். காது வழியே வருவது ஏழில் ஒன்று. கல்லால மரத்தின் கீழ் அமர்ந்த தட்சிணாமூர்த்தி சனகாதி முனிவர் நால்வருக்குச் சொல்லால் உபதேசம் செய்யவில்லை. கைவிரல் முத்திரையால் காட்டினார்.

இதே தென்னாற்காட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி இன்னும் நேரடியானது. சகலாகம பண்டிதர் என்று பேர் பெற்ற முதியவர், குழந்தைப் பருவத்து மெய்கண்டாரிடம் வந்து ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. எதிரே நிமிர்ந்து நின்ற பண்டிதரையே ஏற இறங்க நோக்கி விரலால் சுட்டினார். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. காலில் விழுந்து மாணவரானார். பின்னாளில் அவர் அருணந்தி சிவாசாரியார் என்று அறியப்பட்டார். சித்தாந்தப் பரம்பரையின் ஒரு கணு கண்ணாலும் விரலாலும் நடந்த உபதேசத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் பிறவியிலேயே கேளாத ஒருவர் நின்றிருந்தாலும் பாதிக்கு மேல் விளங்கியிருக்கும்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்திலும் கூர்ந்து பார்க்க ஒன்று இருக்கிறது. கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் முதலில் செய்தது அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றது. அதன் பிறகே காதில் விரல் வைத்தார், நாவைத் தொட்டார். அற்புதத்தை நம்புவோரும் நம்பாதோரும் அந்த முதல் செயலைப் பின்பற்றலாம். இரைச்சலான இடத்திலிருந்து விலகி, தனியே, முகம் பார்த்து, தொட்டுப் பேசுவதைத்தான் இன்றைக்குச் செவித்திறன் மருத்துவர்களும் குடும்பத்தாருக்கு முதல் பாடமாகச் சொல்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இதே மதக் கேள்வி ஒரு கல்விமுறையையே பெற்றெடுத்தது. கேளாத சகோதரிகள் இருவர் மறைக்கல்வி இல்லாமல் வாழ்ந்து இறந்துபோவார்களே என்று கவலைப்பட்டார் ஷார்ல் மிஷேல் த லெப்பே என்ற பாதிரியார். அவர்களைப் பேசவைக்கப் போராடாமல், அவர்களுடைய கைமொழியைத் தாம் கற்றுக்கொண்டார். கேளாதோருக்காக அவர் தொடங்கிய இலவசப் பள்ளி, உலகெங்கும் சைகைமொழிக் கல்விக்கு ஊற்றானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் சமய ஊழியமாகத்தான். 2024 மே 2 அன்று திருச்சூரில் ஜோசப் தெர்மடம் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் கத்தோலிக்கக் குருவான முதல் கேளாத மனிதர் அவர். இதுவரை சொற்பொழிவைச் சைகையில் பெற்றுக்கொண்டிருந்த சமூகத்திலிருந்து, சைகையில் சொற்பொழிவு ஆற்றுபவர் வந்துவிட்டார்.

சமயங்கள் தங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்கும் காதை நாம் எப்படி நடத்துகிறோம்? கற்பூர ஆரத்தி நேரத்தில் சின்னஞ்சிறு மண்டபத்துக்குள் மின்சார மேளம் அதிரும். அதற்கு நேர் கீழே கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்பார். ஆடி மாதத்தில் கூம்பு ஒலிபெருக்கி வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கமும் ஒரு சபையும் மோதிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் கொட்டியோ பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் கட்டளையிடவில்லை என்றது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வைத்தன. அந்த வழக்கில் நின்றது ஒரு கிறிஸ்தவச் சபை என்றாலும், தீர்ப்பு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே மாதிரி பொருந்தும். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்ற பழமொழி குற்றத்தைக் காதின் மேல் போடுகிறது. காதோரம் ஊதிய சங்குக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

பெரியவருக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் எளியது. முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் அழுக்கு அடைப்போ சீழோ இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றக் கூடாது. பிறகு ஒலி அடைத்த அறையில் ஆடியோகிராம். ஒரே நாளில் ஒரு காது சட்டென்று அடைத்துப்போனால் அது அவசரம்; சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மீட்க வாய்ப்பு கூடுதல். "சளிதான், சரியாயிடும்" என்று காத்திருப்பது பெரும் இழப்பு.

காது மெஷின் வாங்கியும் பீரோவில் கிடப்பதுதான் பல வீடுகளின் கதை. பத்து வருடம் மௌனமாக இருந்த மூளைக்கு மிக்சி சத்தம், செருப்புச் சத்தம், தட்டு விழும் சத்தம் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தால் மிரளத்தான் செய்யும். தினமும் சில மணி நேரம் அமைதியான அறையில் தொடங்கி, வாரம் வாரமாக நேரத்தைக் கூட்டி, இரண்டு மூன்று முறை மெஷினைத் திருத்தி வாங்கினால் பழகிவிடும். கேள் இழப்பைக் கவனிக்காமல் விடுவது மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவக் குழு சொல்லியிருக்கிறது. உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேள் இழப்பு இருப்பதாக 2021இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நெய்வேலிப் பெரியவர் தனியாள் அல்ல.

மிச்சம் வீட்டாரின் கையில். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடாமல் தோளைத் தொட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேச வேண்டும். டிவியை அணைக்க வேண்டும். விளங்காத வாக்கியத்தையே நான்கு தடவை கத்தாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். பெயர், தேதி, மருந்து அளவு மூன்றையும் எழுதிக் காட்ட வேண்டும். எல்லோரும் சிரித்த பிறகு "என்னப்பா?" என்று கேட்கிறவருக்கு அந்தச் சிரிப்பை மறுபடியும் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த நிமிடத்தைக் கொடுக்காத வீட்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதையே விட்டுவிடுவார். பிறகு "தாத்தா யார்கிட்டயும் பேசமாட்டாரு" என்பார்கள்.

கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் செய்யக்கூடியவையும் உண்டு. பாடல் வரிகளையும் வாசகத்தையும் அச்சிட்டுக் கொடுக்கலாம், திரையில் காட்டலாம். பேசுபவர் மைக்கால் வாயை மறைக்காமல் இருக்கலாம். பிரிட்டனில் பல தேவாலயங்களில் தரையைச் சுற்றிக் கம்பி ஓட்டி, மைக்கில் பேசுவது நேரே காது மெஷினுக்குள் வரும்படி செய்திருக்கிறார்கள். சத்சங்க மண்டபத்திலும் அதைச் செய்ய முடியும். மாதம் ஒரு சொற்பொழிவுக்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை அழைத்தால், இதுவரை பிரசாதம் வாங்கிக்கொண்டு போய்விடும் இளைஞர்கள் உட்கார ஆரம்பிப்பார்கள்.

வடலூர் தைப்பூசத்தில் ஏழு திரைகளை நீக்கிக் காட்டும் சோதி தரிசனத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் திரள்கிறார்கள். வழிநெடுக அன்னதானப் பந்தல்கள். அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் ஆடியோகிராம் எடுக்க முடியாது. ஒலி அடைத்த சோதனை வண்டி ஒன்றை ஊருக்கு வெளியே நிறுத்தலாம். காதுக்குள் பார்த்து அழுக்கையும் சீழையும் கண்டுபிடிப்பதைப் பந்தலிலேயே செய்யலாம். கைக்குழந்தைகளோடு வருபவர்களிடம், பிறந்தபோது காது சோதித்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டு, இல்லையென்றால் கடலூர் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கலாம். சோறு போட முன்வரும் சன்மார்க்க அன்பர்களும், ஓய்வு பெற்ற நெய்வேலித் தொழிலாளர்களும், இந்த ஊர்களின் மருத்துவர்களும் சேர்ந்தால் அடுத்த தைப்பூசத்திலேயே இதைத் தொடங்கிவிட முடியும்.